பண்டிகைக்கு வரும் அப்பா, அம்மா

“புள்ளைய யாருகிட்ட உட்டுட்டுப் போற?”

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களில், பெங்களூருக்கு மூட்டை கட்டும் தம்பதியிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்வி இது. கூலி எவ்வளவு, தங்குவதற்கு ஷெட் உண்டா, மேஸ்திரி கணக்கை ஒழுங்காக முடிப்பாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: ஆயாவிடம். அந்த ஆயா அம்மாவைப் பெற்றவளாக இருக்கலாம், அப்பாவைப் பெற்றவளாக இருக்கலாம். முழங்கால் வலியோடு இரண்டு ஆடுகளையும் மேய்த்துக்கொண்டு, பேரப்பிள்ளையையும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு ஆயாவும் வாய்க்காதவர்கள் பிள்ளையைக் கையோடு கூட்டிப்போகிறார்கள். பள்ளிக்கூட வயதில் இருந்தால் விடுதி தேடுகிறார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்து நான்கு நாள் இருந்துவிட்டு மறுபடி பஸ் ஏறுகிறார்கள்.

இந்தக் கிராமங்கள் உள்ள தருமபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தபோது ஓசூரின் ஆலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் மிஞ்சியது பெரும்பாலும் மானாவாரி நிலம். கேழ்வரகு, சாமை, துவரை, நிலக்கடலை. கிணற்றில் தண்ணீர் உள்ளவர்களுக்குத் தக்காளி, மல்பெரி, கொஞ்சம் மாந்தோப்பு. மழை பொய்த்தால் எதுவும் இல்லை. பெங்களூரோ சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் சித்தாள் வேலைக்கும் ஆள் கேட்டபடியே இருக்கிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் செங்கல் சூளைகளும் கேரளத்துக் கட்டட வேலையும் கூப்பிடுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம். மாநில சராசரி 80. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் தருமபுரிக்குத்தான்.

அந்த எண்ணைக் காட்டி இந்த மாவட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வருகிறது. பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிள்ளையை விட்டுவிட்டே போகிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் காதுகுத்துக்கும் வீட்டுக் கடனுக்குமான பணம் பெங்களூரில் இருக்கிறது. அதை எடுக்கப் போகிறவர்கள் விலையாகக் கொடுப்பது பிள்ளையோடு இருந்திருக்க வேண்டிய நேரத்தை. அந்த விலை எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. எவ்வளவு பெரிய விலை அது என்பதை உலகின் பல மூலைகளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

வாரம் ஒரு மணி நேரம்

பத்து மாதக் குழந்தை வாசலில் நிற்கும் ஆட்டைக் கைகாட்டி “ஊ” என்கிறது. பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, “ஆடு! ஆடு எப்படிக் கத்தும்? மே...” என்கிறார். குழந்தை சிரித்து மறுபடி ஒரு சத்தம் போடுகிறது. மறுபடி ஒரு பதில். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த விளையாட்டு, ஒரு நாளில் நூறு தடவை நடந்தால் அந்தக் குழந்தையின் மூளையில் மொழிக்கும் கவனத்துக்கும் நினைவுக்கும் உரிய இணைப்புகள் வலுப்படுகின்றன. நான் கூப்பிட்டால் ஒருவர் திரும்பிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையும் அப்போதுதான் உள்ளே இறங்குகிறது. கூப்பிட்டும் யாரும் திரும்பவில்லை என்றால், கொஞ்ச நாளில் குழந்தை கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்ளும். அழாத, தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்று வீட்டில் அதைப் பாராட்டவும் செய்வார்கள்.

இதன் பலன் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது ஜமைக்கா. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், 1986-87-ல், சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு, வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது. எல்லாரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பால்மாவு. ஒரு குழுவுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குச் செய்துகாட்டுவார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. விளையாட்டுச் சாமான்கள் வீட்டில் தூக்கிப்போடும் பொருள்களில் செய்தவை. பணியாளர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. அந்தந்தப் பகுதியில் வாழ்ந்த பெண்கள்.

இரண்டு ஆண்டுகளில் திட்டம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் குழந்தைகளை ஆய்வாளர்கள் விடவில்லை; இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2014-ல் வெளியான முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. பேச்சும் விளையாட்டும் கிடைத்த குழந்தைகள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். உயரம் குன்றி வளர்ந்த குறையை மீறி, நல்ல உயரத்தோடு வளர்ந்த பிள்ளைகளை வருமானத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த மாற்றம் நீடித்து நிற்கவில்லை.

நம் மாநிலத்துக்கு இது மிகவும் முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன். சோறு போடுவதில் தமிழ்நாடு யாருக்கும் இளைத்ததில்லை. சத்துணவும் அங்கன்வாடிச் சத்துமாவும் இருந்தன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் சேர்ந்துகொண்டது. விடிவதற்குள் வேலைக்கு ஓடும் தாய்மார்களுக்கு அந்தக் காலை உணவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் தட்டு நிறைந்த பிறகும் குழந்தைக்கு இன்னொன்று வேண்டியிருக்கிறது.

யாரிடம் நேரம் இருக்கிறது?

பணக்கார நாடுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. பதினொரு மேலை நாடுகளின் நேரக் கணக்கெடுப்புகளை வைத்து, ஜூலியா டாட்டி சானி, ஜூடித் ட்ரியஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1965-ல் ஒரு தாய் நாளொன்றுக்குக் குழந்தை பராமரிப்பில் செலவிட்டது 54 நிமிடம். 2012-ல் 104 நிமிடம். தந்தையின் 16 நிமிடம் 59 ஆனது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய அதே காலகட்டத்தில் இது நடந்தது. வேலை நேரம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது, வீட்டு வேலைக்கு இயந்திரம் வந்தது, மிச்சமான நேரம் பிள்ளைக்குப் போனது. ஸ்வீடன் 1974-லேயே பிரசவ விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றிவிட்டது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 90 நாள் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர் எடுக்காவிட்டால் வீணாகிவிடும்.

அதே கணக்கில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. படித்த பெற்றோரின் நேரம் வேகமாகக் கூடியது, படிக்காதவர்களின் நேரம் அந்த அளவுக்குக் கூடவில்லை. நேரமும் காசைப் போலவே இருப்பவர் வீட்டில் சேர்கிறது.

இந்தியாவில் 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 140 நிமிடமும் ஆண் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். ஐந்து ஆண்களில் நான்கு பேர் கணக்கிலேயே வரவில்லை. இதை நம் ஊர் ஆண்களின் குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 74 நாடுகளில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றி யுனிசெஃப் 2017-ல் வெளியிட்ட தகவலில், 55 சதவீதக் குழந்தைகளின் தந்தையர் அவர்களோடு விளையாடுவதோ கற்றுக்கொடுப்பதோ இல்லை.

நேரத்தை வெறும் மணிக்கணக்காகப் பார்ப்பதும் தவறு. அமெரிக்காவில் மெலிசா மில்கியும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் காட்டியது இது: மூன்று முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளின் படிப்பையும் நடத்தையையும், தாய் உடனிருந்த மொத்த நேரம் பெரிதாக மாற்றவில்லை. எட்டு மணி நேரம் பக்கத்தில் இருந்தும் பேசாமல் இருக்கலாம். அரை மணி நேரத்தில் ஒரு கதை சொல்லி, இரண்டு கேள்வி கேட்டு, சேர்ந்து சிரிக்கலாம். வேலைக்குப் போகும் தாய்மார்கள் நெஞ்சில் சுமக்கும் குற்றவுணர்வில் பாதியையாவது இந்த ஆய்வு இறக்கிவைக்க வேண்டும். ஆனால் அது அளந்தது, மாலையில் வீடு திரும்பும் தாய்மாரை. மாலையில் திரும்ப முடியாத தாயின் கதை வேறு.

சீனா கண்டது

தருமபுரிக்கு மிக நெருக்கமான கதை சீனாவினுடையது. கிராமத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஷென்ழென்னுக்கும் குவாங்சோவுக்கும் பெற்றோர் போனார்கள். 2010 கணக்கெடுப்பை வைத்து அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு 2013-ல் சொன்ன எண்ணிக்கை: அப்படி விட்டுச்செல்லப்பட்ட கிராமப்புறப் பிள்ளைகள் 6.1 கோடி. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் முக்கால் பங்குக்கும் மேல். ஹுனான் மாகாணத்தின் லோங்ஹுய் வட்டத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்தவர்கள், பெற்றோரில் ஒருவர் வெளியூர் போனால் பிள்ளையின் படிப்பு அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை என்றும், இருவரும் போனால் கணக்கிலும் மொழியிலும் தெளிவாகப் பின்தங்குகிறது என்றும் கண்டார்கள். 2015 ஜூனில் குய்சோ மாகாணத்தின் பிஜியே பகுதியில், பெற்றோர் இருவரும் உடன் இல்லாமல் தனியாக வாழ்ந்த ஐந்து முதல் பதின்மூன்று வயது வரையான நான்கு உடன்பிறப்புகள் பூச்சிமருந்தால் இறந்துபோனார்கள். நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு அரசு இத்தகைய பிள்ளைகளுக்காகத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது.

எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ், வியட்நாம், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளை எல்ஸ்பெத் கிரகாமும் லூசி ஜோர்டனும் 2011-ல் ஒப்பிட்டார்கள். தந்தை வெளிநாடு போன குடும்பங்களில், இந்தோனேசிய, தாய்லாந்துப் பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல் கூடுதலாக இருந்தது. பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் அப்படி இல்லை. பிரிவு ஒன்றேதான், வீட்டில் எஞ்சியிருப்பவர் யார், உறவுக்காரர்கள் எவ்வளவு தாங்குகிறார்கள், பிள்ளைக்கு விஷயம் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு வருகிறது.

இலங்கை வேறொரு வழியை முயன்றது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள தாய்மார்கள் வீட்டுவேலைக்காக வெளிநாடு போகக் கூடாது என்று 2013-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தந்தைக்கு அப்படி ஒரு தடை இல்லை. பசிக்காகப் போகும் தாயைத் தடுத்தால் பசி தீர்ந்துவிடாது; அவள் சட்டவிரோதமாகப் போவாள், அல்லது குடும்பம் கடனில் மூழ்கும். பொருளாதாரம் சரிந்தபோது, 2022-ல், அந்தக் கட்டுப்பாட்டை அவர்களே தளர்த்தினார்கள். பெற்றோரின் நேரத்தைத் தடையாணை போட்டு மீட்க முடியாது.

இங்கே இந்த மாவட்டத்துச் சித்தேரி மலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் அந்த மலையின் ஆண்களும் இருந்தார்கள். மலையில் பிழைப்பு இருந்திருந்தால் அவர்கள் அந்தக் காட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பண்டிகைக்கும் அப்பா வரவில்லை.

ஆயாவின் மடி

பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை கெட்டுப்போகும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தாலாட்டும் விடுகதையும் பாம்பு வந்த கதையும் பேய் வந்த கதையும் ஆயாக்களிடம்தான் இருக்கின்றன. இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் ஆயா தமிழோடு தெலுங்கோ கன்னடமோ பேசுவாள். அவள் மடியில் வளரும் பிள்ளை இரண்டு மொழியோடு வளர்கிறது. குழந்தைக்குத் தேவை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் ஒரே ஒரு நிலையான ஆள். அது பெற்றவராக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வு இதைத்தான் நிறுவியது: அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் பிணைப்பிலும் மேலே வந்தார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக.

ஆயாவின் பிரச்சினை அன்பு இல்லாதது அல்ல. அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை, வேலை ஓயவில்லை. தண்ணீர், விறகு, ஆடு, ரேஷன் கடை, நூறு நாள் வேலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தபோது, ஃபுளோரைடு தண்ணீரால் பிள்ளைகளின் பல் கறைபடுவது நிற்கும் என்றுதான் எல்லாரும் பேசினோம். வீட்டருகே குழாய் வந்த இடங்களில், குடத்தோடு அலைந்த நேரமும் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதையும் குழந்தை வளர்ச்சித் திட்டமாகவே எண்ண வேண்டும்.

ஆயாவுக்கு இன்னொன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பேச்சு வராத குழந்தையிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு குழந்தைக் கொள்கை தளர்ந்து வேலை குறைந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரந்தோறும் வீடு வீடாக அனுப்பினார்கள். எத்தனை பிள்ளை என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்கும் பாட்டிக்கும் காட்டத் தொடங்கினார்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சி உயர்ந்தது. ஒடிசாவின் கிராமங்களிலும் ஜமைக்கா முறை சோதிக்கப்பட்டது. வீடு வீடாகப் போகாமல், தாய்மார்களை ஒரு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாலும் பலன் கிடைத்தது. செலவோ பல மடங்கு குறைவு.

இரவு எட்டு மணிக்கு ஷெட்டிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிடுகிறாள். அதனால் ஏதாவது பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் சாரா ரோஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள், வீடியோ அழைப்பில் தங்களுக்குப் பதில் சொன்னவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றார்கள். பதிவுசெய்த வீடியோவைப் பார்த்துக் கற்கவில்லை. “சாப்டியா? நல்லா இருக்கியா?” என்று முடித்துவிடாமல், இன்றைக்கு ஆடு என்ன செய்தது, ஆயா என்ன சமைத்தது என்று பத்து நிமிடம் பேசினால் அது வளர்ப்புதான். அழைப்பு முடிந்ததும் அதே போனில் கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்துவிடுவது அந்தக் கணக்கில் வராது.

நாகர்கூடல், சிட்லிங்கி

இந்த மாவட்டத்தின் நாகர்கூடல் கிராமத்தில், கட்டடக்கலை படித்த மீனாட்சியும் அவர் கணவர் உமேஷும் தொண்ணூறுகளில் ஒரு வறண்ட நிலத்தை வாங்கி மரம் வளர்க்க வந்தார்கள். 2000-ல் அங்கேயே ‘புவிதம்’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பதைப் பார்த்து, பள்ளியோடு விடுதியும் வந்தது. அங்கே பிள்ளைகள் நிலத்தில் வேலை செய்து கற்கிறார்கள். விதை, மண், சமையல், கைவேலை, கூடவே கணக்கும் மொழியும். ஒரு பெரியவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்தபடியே பேசிக்கொண்டிருப்பது என்பது பழைய கிராமத்துப் பிள்ளைக்கு இயல்பாகக் கிடைத்த கல்வி. பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளை முதலில் இழப்பது அதைத்தான். புவிதம் அதைப் பள்ளிக்குள் கொண்டுவர முயல்கிறது.

கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். குழந்தைச் சாவு பெருமளவு குறைந்தது. பிழைத்த குழந்தைகளின் பெற்றோர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்து அங்கே நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது: மருத்துவர்கள் விவசாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். சிறுதானியம் விளைவிக்கும் இயற்கை விவசாயிகளின் சங்கம் உருவானது. லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த எம்பிராய்டரி வேலையை மீட்டெடுத்து, ‘போர்கை’ என்ற பெயரில் கைவினைக் குழுவாகச் சேர்ந்தார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிற தாயின் பக்கத்தில் குழந்தை விளையாடலாம். அனு, கிருஷ்ணா என்ற கட்டடக்கலைத் தம்பதி அதே பள்ளத்தாக்கில் ‘துளிர்’ கல்வி மையத்தை நடத்தினார்கள். குழந்தை நலத்துக்காக வந்தவர்கள் கடைசியில் பெற்றோருக்கு ஊரிலேயே பிழைப்பு வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு வழியாக யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இந்த மண்ணின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவையார் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் இரண்டு தந்தை-பிள்ளை பற்றியவை என்பது பலர் கவனிக்காத செய்தி. 92-ம் பாடலில், பொருளும் தாளமும் இல்லாத மழலையைத் தந்தை எப்படி அன்போடு கேட்பானோ, அப்படித் தன் சொல்லை அவன் கேட்டதாகச் சொல்கிறார். 100-ம் பாடல் போர்க்களத்திலிருந்து நேரே வந்து தன் மகனை முதன்முதலாகப் பார்க்கும் அதியமானைக் காட்டுகிறது. பிள்ளையைப் பார்த்த பிறகும் கண்ணில் போரின் சிவப்பு ஆறவில்லை. வேலையின் களைப்போடும் கோபத்தோடும் வீடு வந்து சேரும் தந்தையை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தகடூர் பார்த்திருக்கிறது.

ஷெட்டில் வளரும் பிள்ளை

கையோடு கூட்டிப்போன பிள்ளைகளுக்குப் பெற்றோர் கண்முன்னே இருக்கிறார்கள், ஆனால் பத்தாவது மாடியில். கீழே மணல் குவியலில் பிள்ளை. மூத்த அக்காவுக்கு ஏழு வயது. தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை, பள்ளிக்கூடம் அப்புறம். கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. ஒரே கட்டடத்தின் வேலையைப் பத்து மேஸ்திரிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் எவர் கணக்கிலும் ஐம்பது பேர் தேறமாட்டார்கள். அந்தச் சட்டத்துக்கும் 27 ஆண்டுகளுக்கு முன்பே, 1969-ல், டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானத் தளத்தில் புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்த மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுதான் ‘மொபைல் கிரெஷ்’. ஒரு கூடாரமே போதும் என்று அவர் செய்தே காட்டிய பிறகும், பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு இது இன்றும் செலவுக் கணக்காகவே தெரிகிறது.

கர்நாடகம் 2023-ல் 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்ற குழந்தைக் காப்பகங்களை அறிவித்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கின்றன. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கே சத்துமாவுப் பொட்டலம்தான், இடமில்லை. மையமும் சாயங்காலம் வேலை முடிவதற்குள் மூடிவிடும். தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை வைத்து கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அவற்றில் பாதி மையங்களில் கூடுதலாக ஒரு ஊழியரை நியமித்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கிடைத்த கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. மொழியும் கணக்கும் முன்னேறின. ஊட்டச்சத்துக் குறைவுகூடக் குறைந்தது. சோதனை நம் மண்ணிலேயே நடந்து, விடையும் கையில் இருக்கிறது. வெளியூர் வேலைக்கு அதிகம் பேர் போகும் தருமபுரி போன்ற மாவட்டத்தில் அதை முதலில் நடைமுறைப்படுத்த என்ன தடை?

2023 ஜூலை 24-ம் தேதி, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம் இந்த மாவட்டத்தின் தொப்பூர். வீட்டில் பெண் செலவிடும் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று ஒரு அரசு பணமாகவே சொன்னது சிறிய காரியம் இல்லை. மாதம் 1,000 ரூபாய் பெங்களூருக் கூலியை ஈடுகட்டாதுதான். ஆனால் அதே தர்க்கத்தை இன்னும் இரண்டு அடி எடுத்துச் செல்லலாம்: பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை கட்டடத் தொழிலாளர் குடும்பத்துக்கு நல வாரியத்தின் வழியாக மாத உதவி, தந்தைக்கும் கூலியோடு சில வார விடுப்பு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது. கம்பி கட்டுகிறவருக்கு ஒரு நாள்கூட இல்லை. அவர் பிள்ளைக்கு மட்டும் அப்பா தேவையில்லையா?

நல்லம்பள்ளி வட்டத்தில், தடங்கம் பக்கம், சிப்காட் தொழிற்பேட்டை பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள். அது முழு அளவில் வந்தால் காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை இந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிவந்தது. ஆலைகள் வந்த பிறகு ஒவ்வொருவரிடமும் போய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சாலைக்கும் மின்சாரத்துக்கும் கழிவுநீருக்கும் நிலம் ஒதுக்கும்போதே காப்பகத்துக்கும் ஒதுக்க வேண்டும். ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கும் காப்பகமாக அது இருக்க வேண்டும். சம்பளம் வாங்கும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் அங்கே இருக்க வேண்டும். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் ஷிப்டு நேரத்துக்குப் பஸ் விட வேண்டும். இவற்றை இப்போதே எழுத்தில் கேட்க வேண்டியவர்கள் இந்த மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் ஊராட்சிகளும்தான். இன்று நாகர்கூடலில் தவழும் குழந்தைக்கு இன்னும் இரண்டே ஆண்டில் மூன்று வயது ஆகிவிடும்.